வயலின்களின் கூக்குரல்

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த 'சைக்கோ' என்னும் படத்தில், வங்கியில் கட்டும்படி தன்னை நம்பிக் கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு, மேரியன் என்ற பெண் ஊரைவிட்டே காரோட்டிப் போகிற கட்டம் ஒன்று வருகிறது. கண்ணுக்குப் புலப்படுவதெல்லாம் ஸ்டியரிங்கைப் பற்றிய கைகளும், எதிரே நோக்கும் ஒரு முகமும், பின்னே நழுவும் சாலையுமே. சப்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தால், கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள்கூட இப்படித்தான் வண்டி ஓட்டுவாள் என்று தோன்றும். ஆனால், படத்தின் ஆரம்பத்தில் பெயர்கள் ஓடியபோது கேட்ட அந்த வயலின் இசை மறுபடியும் எழுந்து, குறுகிய ஸ்வரக்கோவை ஒன்றை ஓரிடத்திலும் இளைப்பாற விடாமல் திருப்பித் திருப்பி விரட்டும்போது, அசைவற்ற அந்த முகத்துக்குள் குமுறுகிற பயமும் சஞ்சலமும் வார்த்தையின் உதவியில்லாமலே நம் நெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

இந்த இசையை அமைத்தவர் பெர்னார்ட் ஹெர்மன். நியூயார்க்கில் 1911-ல் பிறந்து, 1941-ல் வெளிவந்த 'சிட்டிஸன் கேன்' படத்தின் மூலம் திரையுலகில் பிரவேசித்த இவர், எந்த உணர்ச்சிக்கு எந்த வாத்தியம் வேண்டும் என்று சிந்தித்த அளவுக்கு, எந்த வாத்தியம் வேண்டாம் என்றும் சிந்தித்தவர். என் அபிப்பிராயத்தில் இவருடைய மேதையின் பெரும்பகுதி இந்த விலக்கலில்தான் இருக்கிறது. 'சைக்கோ'வுக்காக, ஹாலிவுட் ஆர்கெஸ்ட்ராவில் திகிலூட்டுவதற்கென்றே இருந்த டிரம்பெட்டுகளையும் முரசுகளையும், குழல் வாத்தியங்கள் அனைத்தையும் அப்புறப்படுத்திவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே வர்ணமுள்ள நாதமே பொருந்தும் என்று கருதி, வயலின், வியோலா, செல்லோ, டபிள் பாஸ் ஆகிய தந்தி வாத்தியங்களை மட்டுமே அவர் வைத்துக்கொண்டார்.

அதோடும் அவர் நிற்கவில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல் 'மியூட்' என்ற சிறு கவ்வியைச் செருகினால், அதிர்வு குறைந்து, நாதத்தின் பிரகாசம் அடங்கி, சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல ஒலி மங்கிவிடும். படம் நெடுகிலும் அந்தக் கவ்வியோடேயே வாசிக்கவேண்டும் என்று ஸ்வரக் குறிப்பில் எழுதிய ஹெர்மன், குளியலறையில் மேரியன் கொலையுண்ணும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அதைக் கழற்றிவிடச் சொன்னார். அதுவரையில் மூச்சடைத்துக் கிடந்த வாத்தியங்கள் திடீரென்று வாய்திறந்து அலறுவதாகவே நமக்குப் படுகிறது. முதலில் வயலின்கள் தம் உச்ச ஸ்தாயியில் ஒற்றை ஸ்வரத்தை வில்லால் வெட்டி வெட்டி இழுக்க, அதனோடு இசையாத ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்ந்து உராய, மனிதக் குரலின் கூச்சலா பட்சியின் கிறீச்சலா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஓசை பிறக்கிறது. திரையில் கத்தி உடம்பைத் தீண்டுவதை நாம் பெரும்பாலும் காண்பதே இல்லை. கண்டதாக நம்மை நம்பவைப்பதில் இந்த இசைக்குப் பெரும் பங்குண்டு. பிறகு செல்லோக்களும் டபிள் பாஸ்களும் கனத்த ஸ்வரங்களாகத் தாழ்ந்து அடங்க, தண்ணீர் கொட்டும் சப்தம் மாத்திரமே எஞ்சுகிறது.

இத்தனைக்கும், அந்தக் கட்டத்துக்கு இசையே கூடாது என்பதுதான் ஹிட்ச்காக் முதலில் இட்ட உத்தரவு. ஹெர்மன் அதை மீறி எழுதிக் கேட்கச் செய்தார். கேட்டவுடன் டைரக்டர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தம் கட்டளையைக் காட்டிலும் படம் பெரிது என்று எண்ணிய அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் 1966-ல், ஹிட்ச்காக்கின் 'டார்ன் கர்ட்டன்' படத்தில், அவ்வண்ணம் நடக்கவில்லை. ஜனரஞ்சகமான மெட்டுகளே வேண்டும் என்று ஸ்டூடியோ வற்புறுத்திய அந்தக் காலத்தில், ஹெர்மன் இம்முறை வயலின்களையே விலக்கிவிட்டு, 12 புல்லாங்குழல்களும் 16 ஹார்ன்களும் 9 டிராம்போன்களும் கொண்ட விசித்திரமான ஒரு கோஷ்டியைக் கூட்டியதோடு, இசை வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த ஒரு கொலைக் கட்டத்துக்கும் எழுதி வந்தார். ஹிட்ச்காக் ஒலிப்பதிவைப் பாதியிலேயே நிறுத்தி, வேறொருவரைக் கொண்டு இசையமைக்கச் செய்தார். அந்தக் கொலை இசையின்றியே படத்தில் இடம்பெற்றது. அந்த ஒரு கட்டத்தைப் பொறுத்தமட்டில் டைரக்டரின் தீர்ப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன், அங்கே மௌனமும் தன் காரியத்தைச் செய்கிறது. ஆயினும் அந்தப் பிணக்குக்குப்பின் இருவரும் சேர்ந்து ஒரு படம்கூடச் செய்யாமற்போனது, ஹிட்ச்காக்கின் பிற்காலப் படங்களுக்கு நேர்ந்த ஈடுசெய்ய முடியாத நஷ்டமே.