ஏறுவது யார்? – ஒரு பேய்ப்பட வரிசையை முன்வைத்து

பேய்ப்படத்தின் அடுத்த பாகம் என்றாலே 'அரைச்ச மாவையே அரைக்கிறான்' என்று தள்ளிவிடுகிறோம். திரும்பச் சொல்வது குற்றமா என்ன? கொங்குக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுகிறார்கள். பொன்னரும் சங்கரும் சாகப்போவது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் படுகளத்தன்று ஆட்களுக்கு அருள் வந்து பிணம்போல விழுகிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். செத்தவர் வேறு, விழுகிற உடல் வேறு. அந்த இடைவெளியில்தான் சடங்கே நடக்கிறது.

பழிவாங்கும் பேய்ப்படத்திடமும் இதைத்தான் கேட்கவேண்டும்: யார், யார்மேல் ஏறுகிறார்?

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த வரிசையைப் பார்ப்போம். 'முனி'யில் (2007) ஏறுபவர் ராஜ்கிரண். அரசியல்வாதியை நம்பிக் கொலையான குடிசைப்பகுதி மனிதர். முனியின் இரண்டாம் பாகமாக வந்த 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார். நிலத்தகராறில் கொல்லப்பட்ட திருநங்கை. நாயகனோ பேய் என்றாலே அம்மா கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறிக்கொள்கிற தடியன். அவன் சேலை கட்டி வளையல் போடும்போது தியேட்டர் சிரிக்கிறது. தெருவில் திருநங்கையைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்புத்தான். படமும் அதை வைத்துக் காசு பார்க்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் காஞ்சனாவின் கதையைக் கேட்டபின் அவன் மனமறிந்தே தன் உடலை அவளுக்குக் கொடுக்கிறான். சிரித்தவர்களே இப்போது அந்தச் சேலைக்குக் கைதட்ட வேண்டியிருக்கிறது. ஆண் உடல் என்கிற அதிகாரம், கொஞ்ச நேரத்துக்காவது, மற்றமைக்கு இடம்விட்டு ஒதுங்குகிறது. வணிக சினிமாவில் இது சின்ன விஷயமில்லை.

'காஞ்சனா 2'இல் (2015) பழிதீர்க்கும் சிவாவும் லாரன்ஸ், அவன் ஏறுகிற ராகவாவும் லாரன்ஸ். நித்யா மேனன் நடித்த கங்கா, கால் ஊனமுற்ற பெண். அவளுடைய வழக்கு கனமானது. ஆனாலும் கடைசிக் கணக்கைத் தீர்க்கப் படத்துக்கு நாயகன்தான் வேண்டியிருக்கிறது. 'காஞ்சனா 3'இல் (2019) காளியும் அவரே. தன்மேல் தானே ஏறிக்கொள்வதற்குப் பேர் அருள் இல்லீங்க, இரட்டை வேடம். 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலேயே (1965) கோழைக்கும் வீரனுக்கும் எம்.ஜி.ஆர். முகம் ஒன்றுதான், அங்கே பேய் தேவைப்படவில்லை.

படம் ஓடுச்சே என்பார்கள். 'காஞ்சனா 2' நன்றாகவே ஓடியது. அது வேறு கணக்கு. ஒரு திருநங்கையின் பெயர் இந்த வரிசைக்கே முத்திரையாகிவிட்டது. 2015லும் 2019லும் சுவரொட்டியில் அவள் பெயர் பெரிதாக நின்றது, ஏறியது மட்டும் அவளில்லை.