எலி கற்ற பாடம்

உருப்போட்டு வைத்த கணக்கைச் சற்றே மாற்றிக் கேட்டால் நாம் விழிக்கிறோம் அல்லவா? எங்கள் வகுப்பில் பலர் இதில் அனுபவசாலிகள். எலிகளுக்கும் இந்த அவஸ்தை உண்டு!

1996-ஆம் ஆண்டில் பாக்கார்ட், மெக்கா என்னும் அமெரிக்க அறிஞர்கள் கூட்டல் குறி போன்ற பாதையில் எலிகளைப் பழக்கினர். நாள்தோறும் ஒரே முனையிலிருந்து புறப்பட்டு, இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம், திரும்பினால் தீனி கிடைக்கும். 8-ஆம் நாள் எதிர்முனையிலிருந்து விட்டனர். பெரும்பாலான எலிகள் வலப்பக்கம் திரும்பி, தீனி இருந்த இடத்துக்கே சென்றன. 16-ஆம் நாளிலோ, பழக்க தோஷத்தால் இடப்பக்கமே திரும்பி ஏமாந்தன. பாவம்!

மூளையில் இடத்தை வரைபடம்போல் காட்டுவது ஹிப்போகாம்பஸ். திரும்பும் பழக்கத்தைப் பதிப்பது காடேட் என்னும் பகுதி. 16-ஆம் நாள் சில எலிகளுக்குக் காடேட்டை மட்டும் மருந்தினால் மரத்துப்போகச் செய்தனர். என்ன ஆச்சரியம்! அவை மறுபடியும் சரியான இடத்துக்கே சென்றன. வரைபடம் அழியவில்லை, பழக்கம் அதை மூடியிருந்தது.

விதியே மாறிவிட்டால்? அதற்கு மூளையின் முன்பகுதி வேண்டும். அப்பகுதி பழுதுபட்ட எலிகளை 2000-ஆம் ஆண்டில் சோதித்தனர். மணத்தைக் கொண்டு தீனி தேட அவை நன்றாகவே கற்றன. மணத்தை விட்டு, தோண்டும் பொருளின் தன்மையைக் கவனிக்க வேண்டியபோதுதான் தடுமாறின.