ஏடிஸ் தெரியும், ட்ரே தெரியாது

டெங்குவைப் பரப்பும் கொசு எது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘ஏடிஸ்’ என்று கோரஸாகப் பதில் வரும். நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். “சரி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ட்ரேயைக் கடைசியா எப்போ கழுவினீங்க?” என்று அடுத்த கேள்வியைப் போட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு ட்ரே இருப்பதே பலருக்குப் புதுச் செய்தி. பெரியவர்களுக்கும்தான்!

ஃப்ரிட்ஜை நகர்த்தி டார்ச் அடித்தால் தெரியும். அந்த ட்ரேயில் தேங்கிய, தூசி படிந்த தண்ணீருக்குள் கொசுப் புழுக்கள் நூல் துண்டுகள் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும். ட்ரேயை லேசாகத் தட்டினால் சட்டென்று அடியில் போய்விடும். ஒரு வாரம், பத்து நாளில் அவை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். பிளாஸ்டிக் டிரம், பூந்தொட்டித் தட்டு எதுவானாலும் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012இல் 66 பேரையும் 2017இல் 65 பேரையும் டெங்கு பலிகொண்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. 2017இல் பாதிக்கப்பட்டவர்கள் 23 ஆயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு நிலவேம்புக் குடிநீருக்கு நின்ற வரிசைகள் நினைவிருக்கும். இத்தனை பார்த்தும் இரவில் கொசுவர்த்தி கொளுத்திவிட்டால் கடமை முடிந்தது என்றிருக்கிறோம். இந்தக் கொசு மும்முரமாகக் கடிப்பது காலையிலும் மாலையிலும். அப்போது பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு பள்ளியிலோ, மைதானத்திலோ, டியூஷனிலோ இருக்கிறார்கள்.

பயத்துக்குக் குறைவில்லை, ஆனால், அதுவும் இடம் மாறிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றதும் பிள்ளைகள் செல்போனில் பிளேட்லெட் எண்ணிக்கையைத் தேடுகிறார்கள். வீட்டில் பப்பாளி இலையை அரைக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மறுநாளே பையன் பேட்டோடு கிளம்பிவிடுகிறான். டெங்குவில் பெரும்பாலும் ஆபத்து தலைகாட்டுவதே காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களில்தான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியத் தொடங்குவது அப்போதுதான். பிளேட்லெட் எண்ணிக்கையைவிட இதுதான் மருத்துவர்களுக்குப் பெரிய கவலை.

கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு – இவற்றில் ஒன்று தெரிந்தாலும், உடம்பு சுடவில்லையே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். சந்தேகம் கேட்க அரசின் 104 எண் இருக்கிறது. பிள்ளைகளையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.