உலோகத்துக்குள் ஒரு கொசுவம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, இரண்டு இரவுகள் ரயில் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருப்பது நமக்குப் பழக்கம். தண்டவாள இணைப்புகளில் வரும் 'தடக் தடக்' எல்லாப் பெட்டிகளுக்கும் பொது. ஆனால் காலடியில் ஒரே இடத்திலிருந்து, வண்டியின் வேகம் கூடக் கூடத் தானும் விரைந்து, விடாமல் 'டொக் டொக்' என்று கேட்டால் அது வேறு சங்கதி. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.9 மீட்டர்; ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி விழுகிறது. ரயில்வேயில் நாங்கள் இதை 'ஃபிளாட் டயர்' என்போம்.

பிரேக் இறுகிச் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டே போனால், தண்டவாளத்தைத் தொடும் காசளவு இடம் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்துவிடும். சக்கரம் மறுபடி உருண்டதும், சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சியதைத் தண்ணீரில் அமிழ்த்துவது போலத்தான். அங்கே எஃகு 'மார்ட்டன்சைட்' ஆகிறது. மிகக் கடினம், ஆனால் வளையாது, விரிசல் விட்டுச் செதிலாகப் பெயரும். தட்டையான அந்தச் சக்கரம் அடிக்கும் அடியில், குளிரில் ஏற்கெனவே விறைத்து இழுபட்டு நிற்கும் தண்டவாளம் முறியவும் கூடும். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் டி.டி.இ.யிடம் சொல்லுங்கள், அல்லது 139-க்குப் பேசுங்கள்.

மார்ட்டன்சைட் என்பது ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் பெயரால் வந்தது. இதே பெயருள்ள படிக அமைப்பு வேறோர் உலோகத்தில் நேர்மாறான குணத்தைக் காட்டுகிறது. அது நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சம அளவில் சேர்ந்த 'நிட்டினால்'. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் ப்யூலர் இதை ஆராய்ந்து வந்தார். 1960களின் தொடக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், பல மடிப்பாக மடித்த நிட்டினால் பட்டை ஒன்றுக்கு ஒருவர் லைட்டரால் சூடு காட்டினார். பட்டை தானாகவே நிமிர்ந்துவிட்டது!

காரணம் உள்ளே இருக்கிறது. நிட்டினால் குளிரும்போது அதன் அணு அடுக்குகள் சாய்கின்றன. ஒரு பட்டை இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த பட்டை வலப்பக்கம் சாயும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். புடவைக் கொசுவம் போன்ற இந்த அமைப்பை 'இரட்டைப் படிகம்' என்பார்கள். இழுத்தால் மடிப்புகள் ஒரே பக்கமாகத் திரும்பிக் கம்பி நீளும். எந்த அணுவும் தன் பக்கத்து அணுவை விட்டு விலகுவதில்லை. சூடேறினால் அடுக்குகள் மீண்டும் நேராகி, பழைய வடிவம் வந்துவிடும். 8 சதவீதம் வரை நீட்டினாலும் திரும்பும். சாதாரணக் கம்பியை வளைத்தால் அணுக்கள் வழுக்கி இடம் மாறிவிடுவதால் அது திரும்புவதில்லை.

எஃகில் என்ன கோளாறு? இடையில் சிக்கிய கார்பன் அணுக்கள் மடிப்புகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சேஃப்டி பின் குத்திய கொசுவத்தை இழுத்தால் துணிதானே கிழியும்?

பிள்ளைகளின் பல் வரிசையைச் சீராக்கும் கம்பியில் நிட்டினால் இருக்கிறது. மெதுவாக, விடாமல் இழுக்க அதனால் முடிகிறது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்டிலும் பெரும்பாலும் இதுதான். குளிரவைத்துச் சுருக்கி உள்ளே செலுத்தினால், உடலின் 37 டிகிரிச் சூட்டில் விரிந்து நிற்கும். நடக்கும்போது நசுங்கினாலும் மீளும். இதயத்துக்கு வைப்பவை பெரும்பாலும் பலூனால் விரிக்கும் வேறு உலோகங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். நிட்டினாலில் பாதி நிக்கல். கவரிங் நகை போட்டால் தோலில் தடிப்பும் அரிப்பும் வருகிறவர்கள், கம்பியோ ஸ்டென்டோ வைப்பதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.