தைலச் செடிக்கு யார் உறவு?

வேலூர் லாங் பஜாரின் நாட்டு மருந்துக் கடையில் வலிக்குத் தைலம் கேட்டால் யூகலிப்டஸ், விண்டர்கிரீன் இரண்டையும் எடுத்து வைக்கலாம். இரண்டுக்கும் நீலகிரிதான் பேர்போன இடம். ஆனால் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். கொய்யாவுக்கும் நாவலுக்கும் உறவு. விண்டர்கிரீன் தைலம் தரும் புதரோ நம் மலைச் சோலைகளின் ஓரத்தில் தானாகவே வளர்வது. அதன் பெயர் கால்தீரியா, குடும்பம் எரிகேசியே.

மணத்தை வைத்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம். விண்டர்கிரீனின் வாசனை மெத்தில் சாலிசிலேட் என்ற வேதிப்பொருளுடையது. அமெரிக்காவின் ஒருவகை பிர்ச் மரப்பட்டையிலும் அதுவே இருக்கிறது. அந்த மரம் வேறு குடும்பம். உயரமும் துணைக்கு வராது. ஊட்டியில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், மரமாக நிற்கும், அதுவும் எரிகேசியேதான். நம் தெருவோரப் பூவரசுக்கு அதோடு உறவே இல்லை.

உறவைக் காட்டிக்கொடுப்பது பூ. பெரும்பாலான செடிகளில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்கும். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு நுனியில் துளை மட்டும் உண்டு. மிளகுத்தூள் டப்பாபோல் அதன் வழியே மகரந்தம் உதிரும். மகரந்தத் துகள்களும் பெரும்பாலும் நான்கு நான்காக ஒட்டியிருக்கும்.

இருந்தும் சண்டை வந்தது. ப்ளூபெர்ரியின் பேரினமான வாக்சினியம் புதர்கள் நீலகிரியிலும் உண்டு. அவற்றின் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும், கால்தீரியாவுக்கு மேலே. அதனால் தாவரவியலாளர் ஹூக்கரின் இந்தியத் தாவரத் தொகுதி 1882இல் வாக்சினியத்தைத் தனிக் குடும்பமாகவே வைத்தது. பிறகு டி.என்.ஏ. ஆய்வுகள் இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் உறுதிப்படுத்தின.

பெயர்களும் அப்படித்தான் கூடிக் குறைந்தன. தாவரவியலாளர் வாலிச் 1820இல் கால்தீரியா ஃப்ராக்ரண்டிஸ்ஸிமா என்று பெயரிட்டார். நீலகிரியில் கிடைத்ததைத் தனி இனம் என்று எண்ணி, அங்கே செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனால்ட் பெயரில் ஒன்று, கோத்தகிரி பெயரில் ஒன்று என்று வேறு பெயர்கள் சூட்டினார்கள். எல்லாம் ஒரே செடி என்று தெரிந்ததும் முந்திய பெயரே நிலைத்தது. தாவரவியல் பெயர் விதி அதுதான்.

அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் பழத்தைப் பாருங்கள். கால்தீரியாவின் நீலப் பழத்தில் சதைபோல் தெரிவது பழமே அல்ல. புல்லிவட்டம் பருத்து உள்ளிருக்கும் காயை மூடியிருக்கிறது. வாக்சினியத்தில் புல்லியின் மிச்சம் பழத்தின் உச்சியில் கிரீடமாக நிற்கும். எது எது என்று பிரிக்க அது போதும்.