தொட்டிலை ஆட்டுவது யார்?

வேப்பமரக் கிளையிலே பழம்புடவையொன்று தூளியாகத் தொங்குகிறது. தூளிக்குள்ளே எட்டு மாதக் குழந்தை. மரத்தடியிலே ஜல்லிக் குவியல்; அதற்கு அப்பால் மணல் மேடு; அதற்கும் அப்பால், வானைத் தொட எழும்பிக்கொண்டிருக்கிறது மாடிக் கட்டிடம். தலையிலே சும்மாடு, சும்மாட்டின்மீது கலவைச் சட்டி, கால் சாரத்துப் படியிலே. ஆனால் அந்தச் சித்தாளின் காது மட்டும் தூளியின் பக்கமே இருக்கிறது. குழந்தை வீறிடுகிறது. இறங்கினால் மேஸ்திரி ஏசுவார். ஏறினால் பெற்ற வயிறு ஏசும். ஏறுகிறாள்! வேறு வழி?

நாளை அந்தக் கட்டிடம் முடியும். அதன் கீழ்த்தளத்திலே, சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்து, மழலையர் பள்ளி ஒன்று திறக்கப்படவும் கூடும். கார்கள் வரும்; கைநிறையக் கட்டணம் கொண்டுவரும். அந்தப் பள்ளிக்குக் கல் சுமந்தவளின் பிள்ளை அதன் வாசற்படியிலே நிற்கவும் மாட்டான். அவன் அப்போது வேறொரு மரத்தடியிலே, வேறொரு மணல்மேட்டிலே விளையாடிக் கொண்டிருப்பான்!

இது ஒரு காட்சி. இன்னொன்றும் கேளுங்கள்.

சென்னையிலே, வியாசர்பாடிப் பக்கத்துச் சந்து ஒன்றிலே, முற்பகல் வேளையிலே நாமும் நண்பர் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். வீட்டு வாசலிலே ஒரு சிறுமி. பதினோரு வயது இருக்கும். இடுப்பிலே குழந்தை, இடுப்பு ஒருபுறம் சாய்ந்தே போயிருந்தது.

"ஏம்மா, பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டோம்.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க அண்ணா. தம்பிய யாரு பாத்துக்கிறது?"

"பக்கத்துத் தெருவிலேதான் பால்வாடி இருக்கிறதே!"

"அங்க தம்பிய வெச்சிக்க மாட்டாங்கண்ணா. இன்னும் ஒரு வயசுகூட ஆகல."

அவ்வளவுதான். அந்தச் சிறுமி பேசியது மூன்றே வரி. ஆனால் அந்த மூன்று வரியிலே ஒரு நாட்டின் பொருளாதாரம் இருக்கிறது. தாய் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். தாய் வேலைக்குப் போக, மகள் பள்ளியை விடவேண்டும். மகள் பள்ளியை விட்டால், பத்தாண்டு கழித்து அவளும் அதே வேலைக்கு, அதே கூலிக்குப் போவாள். அவள் பெற்றதை இடுப்பிலே சுமக்க இன்னொரு சிறுமி பள்ளியை விடுவாள். வறுமைக்குப் பரம்பரைப் பட்டா எழுதிக் கொடுப்பது வேறு யாருமல்ல, ஆட்டுவாரற்ற இந்தத் தொட்டில்தான்!

"தாய் என்பவள் வீட்டிலிருந்து பிள்ளையை வளர்க்க வேண்டியதுதானே? இதற்கு ஏன் அரசு, சட்டம், மையம் எல்லாம்?" என்று கேட்கும் தருமவான்கள் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: ஐயா, தங்கள் வீட்டிலே காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க வருகிறாளே, அவள் தாயல்லவா? அவள் ஒருநாள் வராவிட்டால் தாங்கள் போடும் கூச்சல் தெருக்கோடிவரை கேட்கிறதே! அவள் தங்கள் பேரனைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்திலே அவள் பிள்ளையை யார் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? தாய்மையின் பெருமையைப் பேசுவது எளிது. அந்தத் தாய்க்கு அரைநாள் ஓய்வு கொடுப்பதுதான் அரிது!

அலுவலகத்திலே, ஆலையிலே பணிபுரியும் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. மகிழ்ச்சி! வரவேற்கிறோம். ஆனால் சித்தாளுக்கு? பூக்காரிக்கு? செங்கற்சூளையிலே வேகும் பெண்ணுக்கு? அவர்களுக்குக் கையெழுத்துப் போட வருகைப் பதிவேடே இல்லை. விடுப்பு எங்கிருந்து வரும்?

குழந்தைப் பள்ளி என்றால் அது பணக்கார வீட்டுப் பண்டம் என்ற எண்ணம் இன்று ஊன்றிவிட்டது. உண்மை வரலாறு என்ன? 1816-ல் ஸ்காட்லாந்திலே, நியூ லானார்க் என்னும் ஊரிலே, பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன் தன் ஆலைத் தொழிலாளரின் சிறு பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரிலே, சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே, பெற்றோர் வேலைக்குப் போனபின் கட்டுவாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் மரியா மாண்டிசோரி! அவரே 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஏழைக் குடியிருப்பிலே பிறந்த அந்த முறை, இன்று குளிரூட்டிய கட்டிடங்களின் பெயர்ப்பலகையிலே மின்னுகிறது. பெயர் மாடி ஏறிவிட்டது. பிள்ளை தெருவிலேயே நிற்கிறது!

'அங்கன்வாடி' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். அங்கன் என்றால் முற்றம். மராட்டிய நாட்டிலே, போர்டி என்னும் கிராமத்திலே, தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-ல் தொடங்கிய முயற்சி அது. பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை. 'வராதவர்கள் மூடர்கள்' என்று அவர் வைது கொண்டிருக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அதுதான் தத்துவம்: ஏழையிடம் நாம் போகவேண்டும். பெயர் வடக்கிலிருந்து வந்தது, வந்தால் என்ன? உள்ளே உட்கார்ந்திருப்பது நம் குழந்தை!

நம் நாட்டுக்கும் இதிலே சொந்தக் கதை உண்டு, பெருமைக்குரிய கதை. 1920-ல், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சியிலே பொறுப்பிலிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போடப்பட்டது. பசித்த வயிற்றிலே பாடம் ஏறாது என்று கண்ட காலம் அது. 1956-ல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, இரண்டு வயது முடிந்த குழந்தைக்கும் தட்டு வைக்கப்பட்டது. 1989-ல் கலைஞர் அந்தத் தட்டிலே முட்டை வைத்தார். கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. தட்டை எடுத்துவிடும் துணிவு மட்டும் எவருக்கும் வரவில்லை. காரணம், அது மக்கள் கைக்கு வந்த உரிமை.

இந்திய அளவிலே 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களிலே தொடங்கப்பட்டது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். இன்று தமிழ்நாட்டிலே மட்டும் ஏறத்தாழ 54,000 மையங்கள் உள்ளன. அங்கே சோறு மட்டுமல்ல. எடை பார்த்தல், தடுப்பூசி, மருத்துவச் சோதனை, வேண்டுமானால் மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்க்கு உணவு பற்றிய அறிவுரை, பிள்ளைக்குப் பாட்டு, கதை, விளையாட்டு வழிக் கல்வி ஆகிய அனைத்தும் உண்டு. கட்டணம்? ஒரு காசும் இல்லை!

விளையாட்டால் என்ன வந்துவிடும் என்று எண்ணுவோர் அமெரிக்க நாட்டைப் பார்க்கட்டும். மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரிலே, 1962-ல், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் 123 பேரை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு முன்பள்ளி. மறு பகுதியினருக்கு இல்லை. நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளி சென்றோர் அதிகம் சம்பாதித்தார்கள்; காவலர் கையிலே சிக்கியது குறைவு. மூன்று வயதிலே கொடுத்த கவனம் நாற்பது வயதிலே கூலியாகத் திரும்பியது!

இனி, சட்டத்தின் பக்கம் வருவோம்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பத்தாண்டுக்குள் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்றது. 'ஆறு வயதிலிருந்து' என்று அதிலே சொல்லவில்லை. பத்தாண்டு போயிற்று, ஐம்பதாண்டும் போயிற்று. 2002-ல் 86-ஆவது திருத்தம் வந்தது. ஆறிலிருந்து பதினான்குவரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று, வாழ்த்துகிறோம். ஆறுக்குக் கீழே? 'அரசு முயலும்' என்று எழுதி வைத்தார்கள். பெரிய பிள்ளைக்கு உரிமை. சிறு பிள்ளைக்கு முயற்சி! யாருக்குப் பேசத் தெரியாதோ, யாருக்கு ஊர்வலம் போகத் தெரியாதோ, அவர்கள் பங்கு பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்பட்டது.

ஆயினும் கையிலே கருவியே இல்லை என்று சோர வேண்டாம். 2006 டிசம்பரிலே உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் உள்ள குடியிருப்பிலே மையம் இல்லையென்றால், அந்த மக்கள் கேட்கலாம்; கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் வரவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. கிராமத்து மக்களும் நகரத்துக் குடிசைவாழ் மக்களும் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும், ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் உணவு உரிமை என்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பிலே நான்கில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு. மழலையர் வகுப்பு உள்ள பள்ளியானால் அங்கிருந்தே அந்தப் பங்கு தொடங்குகிறது.

ஆக, சட்டம் இருக்கிறது. மையமும் இருக்கிறது. பிறகு ஏன் அந்தச் சிறுமியின் இடுப்பு சாய்ந்து கிடக்கிறது?

முதல் காரணம், கடிகாரம். தாய் காலை எட்டு மணிக்குள் வேலையிலே நிற்கவேண்டும். வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். மையமோ பிற்பகலிலேயே பூட்டப்படுகிறது. பூட்டியபின் பிள்ளை யார் பொறுப்பு? தெருவின் பொறுப்பு; திறந்த சாக்கடையின் பொறுப்பு!

இரண்டாம் காரணம், வயது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மையம் தருவது வீட்டுக்குச் சத்துமாவு. மாவு வேண்டியதுதான், ஆனால் மாவு தொட்டிலை ஆட்டாதே!

மூன்றாம் காரணம், தலை எண்ணும் சட்டங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1976-ல் திருத்தப்பட்டது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் என்றது. 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டங்களும் 50 என்ற கணக்கையே வைத்தன. பட்டியலிலே 49 பெயர் இருந்தால்? ஐந்து மேஸ்திரிகளின் கீழே பத்துப் பத்துப் பேராகப் பிரித்துக் காட்டினால்? வீட்டு வேலைக்குத் தனியொருத்தியாகப் போகிறவளுக்கு எந்தக் கணக்கு? அழும் குழந்தைக்கு ஐம்பது பேர் துணைக்கு அழவேண்டுமா!

முடியாத காரியமா இது? இல்லை. மலைத் தோட்டங்களிலே, 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடந்தது. இலங்கை மலையகத் தமிழரும் 'பிள்ளைமடுவம்' என்று அதை அறிவர். 1969-ல் தில்லியிலே, காந்தியார் நூற்றாண்டு விழாவுக்குக் கட்டிடம் எழுந்த இடத்திலேயே, கூடாரம் அடித்துத் தொழிலாளர் பிள்ளைகளைக் காக்கத் தொடங்கினார் மீரா மகாதேவன். கட்டிடம் நகர்ந்தால் காப்பகமும் நகரும்! 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்திலே, வேலைத்தளத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி, அவளுக்கும் அதே கூலி தரவேண்டும் என்று எழுதினார்கள். எவ்வளவு எளிய வழி! 2022 முதல் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் திட்டம் ஒன்றும் ஒன்றிய அரசின் ஏட்டிலே இருக்கிறது. ஏட்டிலிருப்பது தெருவுக்கு வரவேண்டும்.

வரும்போது, மையத்தைத் தாங்கும் பெண்களையும் மறக்கலாகாது. சோறு, எடை, பதிவேடு, பாட்டு, கணக்கெடுப்பு என்று பத்துக் கை வேலை அவர்களுக்கு. ஊழியருக்கான மதிப்பூதியத்தை 2018-ல் ஒன்றிய அரசு 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. மதிப்பு இருக்கிறது, ஊதியம் எங்கே? 2022-ல் உச்சநீதிமன்றம் வரை சென்றுதான் பணிக்கொடை உரிமை பெற்றார்கள். பிறர் பிள்ளையைக் காப்பவளின் பிள்ளை பசித்திருக்க, மையம் எப்படிச் செழிக்கும்?

எனவே நம் கோரிக்கை மூன்று. வேலைக்குப் போகும் தாய் திரும்பும் நேரம்வரை மையம் திறந்திருக்கட்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கும் அங்கே ஒரு தூளி தொங்கட்டும். தலை எண்ணிக் காப்பகம் என்பது போய், தெருவுக்குத் தெரு காப்பகம் என்பது வரட்டும்.

தோழர்களே, நீங்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. மேடையும் மாலையும் ஒருநாள் காத்திருக்கட்டும். கையிலே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தெருவிலே, சேரியிலே, சூளையிலே நடந்து செல்லுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணுங்கள். மையம் எது என்று தெரியாத தாய்க்கு வழிகாட்டுங்கள். அவளுக்குத் தயக்கமாயிருந்தால் கூடவே போய்ச் சேர்த்துவிடுங்கள். வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவளின் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள்; பசிக்கு மொழி கிடையாது. நாற்பது பிள்ளைகள் இருந்து மையம் இல்லையென்றால், பெயர்ப் பட்டியலோடு மனு எழுதி, தாய்மாரின் கையொப்பம் வாங்கி, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்தை எண்ணுங்கள்!

அதோ, வேப்பமரத்துத் தூளியிலே அழுகை ஓய்ந்துவிட்டது. குழந்தை தூங்கிவிட்டது என்று எண்ணி ஆறுதல் கொள்ளாதீர்கள். அழுது களைத்திருக்கிறது, அவ்வளவுதான். தாய் இன்னும் சாரத்தின்மேல் நிற்கிறாள். அவள் இறங்கி வரும்வரை அந்தத் தொட்டிலை ஆட்டவேண்டிய கை நம்முடையது. நாம் வரி கொடுத்து, வாக்களித்து அமைத்த அரசினுடையது.