மானாப் புல்லும் மணமுள்ள எண்ணெயும்

பதுளையிலிருந்து பண்டாரவளை நோக்கிச் செல்வோர், தேயிலை மலைகளுக்கிடையே பத்தனைப் புல்வெளிகள் பரந்து கிடப்பதைக் காண்பர். அங்கே அடர்ந்து ஓங்கி வளரும் புற்களுள் ஒன்று மானா. கோடையில் தீப்பற்றினால் சாரல் முழுவதையும் கருக்கிவிடும் இப்புல்லை நாம் வெறுங்களையென்றே எண்ணுகின்றோம். அதன் இலையைக் கசக்கி முகர்ந்தாலோ, எண்ணெய்ச் சத்தின் மணம் புலனாகும்.

சிட்ரொனெல்லா எண்ணெய் தரும் புல், மானாவின் இனத்திலிருந்தே தோன்றியதெனத் தாவர நூலோர் கருதுவர். 'பங்கிரி மானா' என்னும் சிங்களப் பெயரே அவ்வுறவுக்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் தென்பகுதியில் அது பெரும்பயிராயிற்று. சவர்க்காரத்துக்கும் கொசு விரட்டும் தைலத்துக்கும் அவ்வெண்ணெய் கடல் கடந்து சென்றது. பண்டாரவளையில் புல்லினங்களை ஆராய்ந்த ஜோவிட் என்பார், அதன் உயர்ந்த வகையைத் தனியினமாக 1908இல் விவரித்தார்.

ஆனால், பெருஞ்செல்வம் ஈட்டியது ஜாவாத் தீவே. இலங்கையிலிருந்து 1899இல் அங்குச் சென்ற அவ்வுயர்ந்த வகையில், நறுமணத்துக்குக் காரணமான சிட்ரொனெலால் 30 சதவீதத்துக்கும் மேலுண்டு. இங்குப் பெருவழக்கான வகையிலோ அது மிகக் குறைவு. போதாக்குறைக்கு, நம் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்தோரும் இருந்தனர். கலப்படத்தைக் கண்டறிய ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனம் தனிச்சோதனையே வகுக்க நேர்ந்தது. நல்ல வித்தும் நாணயமும் இல்லாவிடில் புல் மட்டும் என் செய்யும்?

இன்று மானாவுக்குத் தோட்டங்களில் மற்றொரு பணியுண்டு. முதிய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில், மறுநடுகைக்கு முன் 18 முதல் 24 மாதங்கள் வரை மானாவோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டி மண்ணிலேயே பரப்புமாறு தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கின்றது. இழந்த வளத்தை மண் மீண்டும் பெறும் வழி அது. அப்புல்லை விற்றுவிட்டால் மண் ஏமாற்றமடையும். நீராவியில் எண்ணெயை வடித்தபின் சக்கையை நிலத்துக்கே திருப்பினால், இரண்டு பயனும் கிட்டக்கூடும்.

அதற்கு முதற்படி பெருமுதலன்று, சிறுசோதனையே. மணமிகுந்த தூர்களைத் தெரிந்து, பிரித்து நட்டு, ஒவ்வொன்றும் தரும் எண்ணெயை அளந்து பார்த்தல் வேண்டும். வடிகலனுக்கு விறகு தேடிக் காட்டை அழித்தலாகாது. கூலியும் கணக்கில் சேரவேண்டும். வெட்டிச் சுமக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு வருவாய் மிஞ்சினாலன்றோ அதனைப் புதுப்பயிர் எனலாம்? இவ்வாராய்ச்சியை ஊவாவின் மாணவர்கள் தம் மலையிலேயே தொடங்கலாம்.